உதறலும் அதிர்வும்

லாரியைப் பற்றி எழுதப் புகும் நம் எழுத்தாளருக்கு ஓட்டுநரின் தனிமை போதும். நள்ளிரவுத் தேநீர்க் கடையும் பின்பலகை வாசகமும் கிடைத்துவிட்டால் கதை முடிந்தது. அந்த ஓட்டுநரின் கை எதை அறிகிறது என்று நாம் கேட்டதில்லை. அது கைத்தொழில், இலக்கியத்துக்கு உரியதன்று என ஒதுக்கிவிட்டோம். இந்த ஒதுக்கல் மேட்டிமை மட்டுமன்று, மொழிக்குச் செய்யும் கேடு என்பதே நம் வாதம்.

நாமக்கல்லிலிருந்து புறப்படும் சரக்கு லாரியொன்று 60 கிலோமீட்டர் வேகம்வரை அமைதியாக ஓடி, 70ஐத் தாண்டியதும் நடுங்குகிறது எனக் கொள்வோம். அகராதிக்கு அது ‘அதிர்வு’, அவ்வளவே. ஆனால் ஸ்டியரிங் கையில் உதறினால் ஐயம் முன்சக்கரத்தின் மேல். இருக்கைக்கு அடியில் இரைந்தால் புரொப்பல்லர் ஷாப்டின் மேல். உதறலும் இரைச்சலும் இங்கே வெறும் பேச்சுவழக்கல்ல. 10.00-20 அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3.2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 7 முறை சுழலும். கிரவுன் பினியன் விகிதம் 6 எனில் ஷாப்ட் சுமார் 40 முறை. ஏழைக் கை உதறலாக உணர்கிறது; நாற்பதை உடல் இரைச்சலாக உணர்கிறது. சொற்களின் வேறுபாடு கணக்கின் வேறுபாடுதான்.

அடுத்தது விலக்கும் முறை. காலியான சமதளச் சாலையில் கிளட்சை ஒரு கணம் மிதித்தால் எஞ்சின் வேகம் இறங்கும். நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் குற்றம் எஞ்சினுடையதன்று. பிரேக் பிடிக்கையில் மட்டும் வந்தால் டிரம்மைப் பார்க்க வேண்டும். சுமையற்றபோது மட்டும் வந்தால் ஷாப்டின் கோணத்தை. கிராஸ் மாற்றக் கழற்றிய ஷாப்டை அம்புக்குறி பொருந்தாமல் மாட்டியிருந்தாலும் இரைச்சல் எழும்.

பெரும்பாலும் நடப்பதோ வேறு. டயரை மாற்று, பேலன்சிங் போடு, பேரிங்கை மாற்றிப் பார். ஒவ்வொரு ‘பார்’க்கும் பணம் கொடுப்பவர் வண்டிக்காரர். சமன் குலைந்த சக்கரத்தின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும்; 40இலிருந்து 80க்குப் போனால் நான்கு மடங்கு. உண்மைக் காரணம் தளர்ந்த சக்கர நட்டாக இருந்தால், கழன்றோடும் சக்கரம் எதிரே வருபவர் யாரென்று பார்ப்பதில்லை.

“மெக்கானிக்குக்கு உரைநடை எதற்கு?” என நண்பர்கள் கேட்கலாம். தடயங்களை வரிசைப்படுத்தி, பொருந்தாதவற்றை விலக்கி, எஞ்சுவதைப் பொருளென ஏற்பதைத்தானே நாம் கூட்டந்தோறும் ‘வாசிப்பு’ என்கிறோம்? பட்டறையில் அது அடியும் வசவுமாக வாய்வழியே கைமாறுகிறது. நம் இதழ்களில் அதற்கு ஒரு பக்கம் இல்லை. ‘உதறுகிறது’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘வைப்ரேஷன்’ என்று மட்டும் சொல்லப் பழகிய ஓட்டுநர், தம் கை அறிந்ததைச் சொல்ல வழியற்றுப் பட்டறை வாசலில் நிற்கிறார். அவருக்கு நம் இரக்கம் வேண்டியதில்லை. அவருடைய சொல்லை நாம் எழுதி வைத்தால் போதும்.