சீல் யார் கையில்?

ஆபீஸில் அதிகாரம் யாருக்கு? மேனேஜருக்கு என்றுதான் சொல்வீர்கள். அதெல்லாம் சும்மா. ரவுண்டு சீலை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கிளம்புகிறாரே ஒருத்தர், அவருக்குத்தான். அவர் வரும்வரை மேனேஜர் கையெழுத்தும் வெறும் கிறுக்கல்.

போன மாதம் கல்லல் போயிருந்தேன். அங்கே ஒரு நண்பனுக்கு ஸ்டாம்ப் பைத்தியம். 1997-ல் சீனா வெளியிட்ட ஒரு ஸ்டாம்ப்பைக் காட்டினான். மூன்று முத்திரைகள், ஒரு சங்கிலி. சங்கிலி உலோகம் இல்லை, கல்! மூன்று முத்திரை, அத்தனை வளையம், எல்லாம் ஒரே கல்லில் ஒட்டு இல்லாமல் செதுக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அறுபது வருஷம் ஆண்ட சியன்லுங் சக்கரவர்த்தியுடையது. கல் மஞ்சள் நிறம். ஃபூஜியான் மாகாணத்தில் ஷௌஷான் பக்கம் நெல் வயலுக்கு அடியில் கிடைப்பது.

"எங்க ஊரு பேர்லயே கல் இருக்கு. தோண்டினா செம்புராங்கல்லுதாண்டா வருது" என்றான்.

ஆனால் இந்த முத்திரையின் கதை, ராஜா போனபிறகுதான் சூடு பிடிக்கிறது. கடைசி வாரிசு பூயி. இரண்டு வயசில் பட்டம், ஆறு வயசில் பதவி காலி. 1924-ல் அரண்மனையை விட்டும் துரத்திவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் கூட்டிப்போய் மஞ்சூரியாவில் உட்காரவைத்தார்கள். 1932-ல் அந்த ஊர் ஸ்டாம்ப்பில் பூயியின் முகமே வந்தது. 1934-ல் மறுபடி சக்கரவர்த்திப் பட்டம். என்ன பிரயோஜனம்? உத்தரவு ஜப்பானுடையது, ஒப்புதல் மட்டும் இவருடையது. ரப்பர் ஸ்டாம்ப் என்று நாம் சொல்வோமே, அச்சு அசல் அதுதான்.

நிஜமான முத்திரையை மட்டும் மனுஷன் விடவில்லை. 1945-ல் ரஷ்யாக்காரர்களிடம் பிடிபட்டபோதும், பஞ்சு வைத்த கோட்டின் உள்துணியில் தைத்து மறைத்து வைத்திருந்தார். 1950-ல் சீனச் சிறைக்கு வந்தபிறகு, அவராகவே எடுத்துக் கொடுத்துவிட்டார். இன்று அது பீஜிங் அரண்மனை மியூசியத்தில் இருக்கிறது. மூன்றில் ஒன்றில் இரண்டே எழுத்து: விதித்ததை மகிழ்ச்சியாக ஏற்பவன் என்று அர்த்தம். கோட்டுக்குள் அது இத்தனை வருஷம் அவரைக் குத்தியிருக்குமா, இல்லையா?

கல்லல்காரனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "எங்க பக்கம் ரங்கூன் கடைக்கு ஏஜெண்டு மூணு வருஷம் இருப்பாரு, அப்புறம் அடுத்த ஆள். ஆனா விலாசம் மாறாது. கடன் கொடுத்தது, வாங்கினது, எல்லாம் அந்த ரெண்டு மூணு எழுத்து பேர்லதான்" என்றான்.

1959-ல் பூயிக்கு விடுதலை. பீஜிங் தாவரவியல் பூங்காவில் தோட்ட வேலை கொடுத்தார்கள். 1967-ல் இறந்துபோனார்.

நண்பனின் ஆல்பத்தில் முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி. 1932 ஸ்டாம்ப்புக்காம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் சார். விலை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், அவன் மாதச் சம்பளக்காரன்.