துணைக்கு யார்?

ஆங்கிலத்தில் ஒரு பழைய சொல் உண்டு: 'டிராவலரெஸ்'. பிரயாணம் செய்கிற ஸ்திரீ என்று அர்த்தம். 'ஆக்டர்' என்ற சொல்லுக்கு வால் ஒட்டி 'ஆக்ட்ரெஸ்' ஆக்கியதுபோல் 'டிராவல'ருக்கும் ஒரு வாலை ஒட்டியிருக்கிறார்கள். இப்போது அந்தச் சொல்லை ஆங்கிலேயரே பரண்மேல் போட்டுவிட்டார்கள். நமக்கோ அந்தத் தொல்லையே இல்லை. 'பிரயாணி' என்றால் ஆணும் அதிலே அடக்கம், பெண்ணும் அடக்கம்.

ஆனால் ஊர் ஊராகப் போகும் ஒரு பெண்ணுக்குத் தமிழிலும் தனிப் பெயர் இருந்தது. 'விறலி' என்பார்கள். ஆடியும் பாடியும் பிழைத்த சங்க காலத்துக் கலைச்செல்வி அவள். இன்ன வள்ளலிடம் போனால் உன் வறுமை தீரும் என்று அவளுக்கு வழி சொல்வதற்கென்றே 'விறலியாற்றுப்படை' என்று ஒரு துறையை வகுத்தார்கள் நம் முன்னோர்.

புறநானூற்றில் 103-ஆம் பாட்டு இந்த வகை. பாடியவர் ஔவையார். கொட்டு வாத்தியங்களைச் சுமந்துகொண்டு, கவிழ்ந்து கிடக்கும் பாத்திரத்தை நிரப்புவார் யார் என்று சுரத்திலே ஒரு விறலி உட்கார்ந்திருக்கிறாள். அதியமான் இருக்குமிடம் தொலைவில் இல்லை, போ என்கிறார் ஔவை. 'துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்?' என்று அவர் கேட்கவில்லை, கவனியுங்கள்!

அந்த ஔவையும் சும்மா இருந்தவர் அல்ல. கொங்கின் வடக்கு ஓரத்துத் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமானின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் அவர்.

பிற்காலத்துக் கதை மட்டும் வேறு விதம். இளம்பெண்ணான ஔவை பிள்ளையாரை வேண்டிக் கிழவியாகிறாள். அதன் பிறகுதான் கோலை ஊன்றிக்கொண்டு நாடு சுற்றுகிறாள். சங்கத்துப் பெண்ணுக்கு இல்லாத நிபந்தனை இது. ஊர் சுற்ற வேண்டுமா, முதலில் வயதையும் அழகையும் கொடுத்துவிடு! இதுவா நியாயம்?

1953-ல் வெளிவந்த ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் அந்தக் கிழவியாக நடித்தவர் கொங்கு நாட்டுப் பெண்மணியேதான். காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். வறுமையினால் சிறு வயதிலேயே ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். அந்தக் குரலே அவரை நாடக மேடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இலங்கை வரை போய்ப் புகழ் பெற்றார். அவரை நம் காலத்து விறலி என்றால் தப்பில்லை. அவர் கிழவியாகும் வரை காத்திருக்கவில்லை!

பெண்களுக்கு வழி திறப்பதில் சட்டமும் கொஞ்சம் கைகொடுத்தது. ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி ஒதுக்க வேண்டும் என்று 1890-ஆம் வருஷத்து ரயில்வே சட்டமே சொல்லிற்று. 2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை மில்லுக்கும் போகிற பெண்ணுக்கு அது மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் காசு.

பஸ்ஸுக்குக் காசு வேண்டாம், சரி. வீட்டு வாசற்படியைத் தாண்டுவதற்கு இன்னும் எத்தனை பேரிடம் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது! அண்ணன், அப்பாரு, மாமியார், எதிர்வீட்டு அத்தை என்று எல்லாரும் கண்டக்டர்கள்தாம். அவர்கள் கேட்பது பாசத்தினால்தான், மறுக்கவில்லை. என்றாலும், "துணைக்கு யாரு அம்மிணி?" என்று மறிப்பதைவிட, எந்த பஸ், எங்கே இறங்குவது, இருட்டுவதற்குள் எப்படித் திரும்புவது என்று சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஓர் ஆற்றுப்படைதானே?

பெண் "போயிட்டு வர்றேனுங்க" என்று சொல்லும்போது, "பார்த்துப் போயிட்டு வா கண்ணு" என்று வழிவிடுங்கள். ஔவைப் பாட்டி செய்ததும் அதுதான்.