வெயில் வாங்கலையோ

சைப்ரஸ் தீவுக் கடற்கரையில் வெயில் காயலாம், வாருங்கள் என்கிறது ஒரு சுற்றுலா விளம்பரம். குளிரில் கிடக்கும் ஐரோப்பியருக்கு அது சரி. வேகவைத்த மஞ்சளைக் களத்தில் கொட்டிக் காயவைக்கும் நாமகிரிப்பேட்டைக்காரரிடம் வெயிலை விற்க முடியுமா? நம்மவர்க்குத் தெரிந்த தீவு ராமேஸ்வரம்தான். அங்கும் அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்ததும், ஈரத்துணியோடு கோயிலின் 22 தீர்த்தங்களுக்கு ஓட்டம். கடலை நின்று பார்க்க ஏது நேரம்? 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைவரை 2017-இல்தான் நல்ல சாலை வந்தது. இருபுறமும் கடல், நடுவே சாலை. சைப்ரஸ்காரரே வந்து பார்க்கலாம். ஆனால் மணல் சூடு தணிந்து காற்று இதமாகும் நேரத்தில்தான் எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். பாதுகாப்புக்காக என்பது புரிகிறது. அதற்காக, வெயிலுக்குத் தப்பி வந்தவனுக்கு உச்சிவெயிலை மட்டும் காட்டி அனுப்புவது என்ன உபசாரம்?