மலைமேற் கல்லூரியும் ஆங்கிலத் திரையும்

நீலமலையில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரில் நிற்பவன் முகம் தெரியாது. ஆயினும் குரல் கேட்கும். அது தமிழ்க்குரலாயின் ஆளை அறிந்துகொள்ளலாம். இன்று அம்மலை மாணவனுக்குக் கல்லூரி காட்டும் முகம் ஒரு கண்ணாடித் திரை. அத்திரை பேசுவதோ ஆங்கிலம்!

உதகை அரசு கலைக் கல்லூரி 1955-இல் தோன்றியது. கோவைத் தண்டலராயிருந்த வெள்ளையர் சல்லிவன் தமக்கெனக் கட்டிய கல்வீட்டு வளாகமே அதன் இருப்பிடம். ஒரு காலத்தில் மூட்டை சுமந்து வந்தவனன்றி நம்மவன் நுழையவியலாத அவ்விடத்திற்குள், கொழுந்து பறிக்கும் தாயின் மகள் ஏடேந்தி நுழைந்தாளே, அது சிறு வெற்றியன்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை ஐந்தேகால் இலக்கம் தமிழரை இந்தியாவிற்கு அனுப்ப வகைசெய்தது. அவர்களுள் பலர் கூடலூர், கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அவர்தம் பெயரப் பிள்ளைகளே இன்று கல்லூரிப் படியேறுவோர்.

2020-இல் பெருநோய் வந்தது, கல்லூரிகள் மூடப்பட்டன, வகுப்புகள் இணையத்திற்குப் பெயர்ந்தன. அலை கிடைக்கும் மேட்டைத் தேடி மாணவர் மலைமுகடு ஏறிய கொடுமையை நாடே கண்டது. தமிழக அரசு 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை, நாளொன்றுக்கு 2 கிகாபைட்டுத் தரவு தரும் அட்டைகளை ஒன்பது இலக்கத்திற்கும் மேற்பட்ட மாணவர்க்கு அறிவித்தது. நன்று, பாராட்டுகிறோம். அலைத்தடையை எண்ணிப் பார்த்தவர்கள் மொழித்தடையை எண்ணிப் பார்த்தார்களா?

வகுப்பறையில் ஐயுறவு எழுந்தால் மாணவி எழுந்து நின்று தமிழிற் கேட்பாள். ஆசிரியர் தமிழில் விளக்குவார். கற்றல் தளத்தில் அவள் யாரைக் கேட்பாள்? எடுத்துக்காட்டாக, மூடில் என்னும் தளத்தில் ஒப்படையை ஏற்றிவிட்டாலே வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. ஆசிரியர் அவ்வாறு அமைத்திருப்பின், இறுதியாக ஒப்படைக்கும் பொத்தானை வேறாக அழுத்தும்வரை அது வரைவாகவே கிடக்கும். அப்பொத்தானின் மேலுள்ள ஆங்கிலச் சொல் விளங்காதவளுக்கு மதிப்பெண் குறையும். பாடம் அறியாமையாலா குறைந்தது? இல்லை; பொத்தான் அறியாமையால்!

இது பொறியின் குற்றம் என்று எவரேனும் சொல்லின், அது முழுப் பொய். மூடில் 2002-இல் ஆத்திரேலியாவிலிருந்து வெளிவந்த கட்டற்ற மென்பொருள். எவரும் விலையின்றி நிறுவலாம், எம்மொழியிலும் பெயர்க்கலாம். அதற்குத் தமிழ் மொழித்தொகுப்பு உண்டு. முற்றுப்பெறாதது என்பது நமக்குத்தான் இழிவு. தளத்தின் முதன்மொழி தமிழ் என அமைப்பது ஆள்வோர் பக்கத்தில் ஒரே ஒரு தெரிவு. அதைச் செய்ய மனமில்லாதவர்களே 'தொழில்நுட்பம் இடந்தரவில்லை' என்று கதைக்கின்றனர்.

தமிழர்க்கு இது புதுத்துறையும் அன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் அறிவிக்கப்பெற்று, 2001 பிப்பிரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. நடுவணரசின் சுவயம் தளம் தொடங்கியதோ 2017-இல்! பதினாறு ஆண்டு முந்திய நாம் இன்று பின்னே நிற்கிறோம். பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2021 விதிகள், ஒரு பருவப் பாடங்களுள் 40 விழுக்காடு வரை சுவயம் வழியாகப் பயில இசைவளிக்கின்றன. அங்குள்ள பாடங்களுட் பெரும்பாலன ஆங்கிலத்தில் உள்ளவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் சில பாடவுரைகளைத் தமிழாக்கியிருப்பதை மறைக்க மாட்டோம். ஆனால் உதகையில் தமிழ்வழியில் வரலாறு பயில்பவளுக்கு அது எவ்வளவு உதவும்?

இளைஞரே! உங்கள் கல்லூரியின் கற்றல் தளத்தை இன்றே திறந்து பாருங்கள். நுழைவுப் பக்கம் எம்மொழியில் உள்ளது, ஒப்படை வழிகாட்டல் எம்மொழியில் உள்ளது என்று குறித்துக்கொண்டு, தமிழை முதன்மொழியாக அமைக்குமாறு பல்கலைக்கழகப் பதிவாளர்க்குக் கையொப்பமிட்டு எழுதுங்கள். கணினி அறிந்தோர் மூடிலின் தமிழ்த்தொகுப்பில் எஞ்சிய சொற்களை ஆளுக்கு நூறாகப் பகிர்ந்து பெயர்த்து முடியுங்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் இவ்விரண்டும் நடந்தாக வேண்டும்.