வெயில் இல்லாமலே வேர்த்தால்...

குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் அந்தத் தம்பியின் உள்ளங்கை காயவில்லை. டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்டர்வியூல கைகுலுக்கவே பயமா இருக்குண்ணே. மைகாட்டுக்குக் கட்டைவிரல் வச்சா மெஷின் படிக்க மாட்டேங்குது" என்றார். பன்னிரண்டு வயதிலிருந்தே இப்படியாம். வீட்டில் சொன்னதெல்லாம், "உடம்புல சூடு, மோர் குடி!"

மோர் நல்லதுதான். ஆனால் இதற்கு மருந்தல்ல. நம் ஊர் வெயிலில் எல்லாருக்கும் வேர்க்கும். குளிர்சாதன அறையில் சும்மா இருக்கும்போதும் உள்ளங்கை, பாதம், அக்குள் நனைந்தால், வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன என்று பொருள். இதன் பெயர் 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்'. பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும், இரு பக்கமும் ஒன்றுபோல் வேர்க்கும், தூங்கும்போது நின்றுவிடும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பதுண்டு.

பெரியவரான பிறகு திடீரென உடம்பெல்லாம் வேர்த்தாலோ இரவில் படுக்கை நனைந்தாலோ கதை வேறு. தைராய்டு, காசநோய், சில மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவருக்கு வியர்வையோடு நடுக்கமும் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நெஞ்சுவலியோடு குளிர்ந்த வியர்வையா? உடனே 999.

தம்பி டியோடரண்ட் வாங்கியே காசைக் கரைத்திருந்தார். அது வாடையை மறைக்கும், வியர்வையை நிறுத்தாது. முதல் மருந்து அலுமினியம் குளோரைடு கரைசல். 20 விழுக்காடு வரை கிடைக்கும். குளித்த ஈரத்தோடு காலையில் பூசுவதுதான் பலர் செய்யும் தவறு. இரவில், நன்றாகக் காய்ந்த தோலில் பூசி, காலையில் கழுவ வேண்டும். அக்குளைச் சவரம் செய்த அன்று வேண்டாம், எரியும்.

அதிலும் அடங்காத கை கால்களைத் தண்ணீர்த் தட்டில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். தொடக்கத்தில் வாரத்தில் சில தடவை போக வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது கூடாது. போடோக்ஸ் ஊசி சில மாதங்களுக்குத் தாங்கும், செலவு அதிகம். நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். கை காய்ந்து முதுகும் நெஞ்சும் வேர்க்கத் தொடங்கியவர்கள் நிறைய.

"அரசு கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளிதான், முதலில் அங்கே போங்க" என்றேன்.

"டாக்டர் சிரிக்க மாட்டாரே?"

மாட்டார். எந்த வயதில் தொடங்கியது, தூக்கத்தில் வேர்க்கிறதா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பார். பதில்களை எழுதிக்கொண்டு போங்கள்.