எக்ஸ்ரே சுத்தம், அதனால் டி.பி. இல்லையாம்!

‘இருமல் இல்லை, சளி இல்லை, மார்பு எக்ஸ்ரே சுத்தம், பிறகு எங்கிருந்து வந்தது மூளையில் டி.பி.?’ என்று சென்ற இதழில் மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். இதற்கு 1933-லேயே பதில் வந்துவிட்டது. ரிச், மெக்கார்டக் என்ற இரு ஆய்வாளர்கள், ரத்தத்தின் வழியே வந்த கிருமி மூளையிலோ அதன் உறையிலோ சிறு முடிச்சாக ஒடுங்கிக் கிடப்பதையும், அது உடைந்து மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலக்கும்போது நோய் கிளம்புவதையும் காட்டினார்கள். அதற்குள் நுரையீரல் ஆறிப்போயிருக்கலாம். மூளைக் காசநோயாளிகளில் கணிசமானவர்களுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை.

அடுத்தது இன்னும் மோசம். கை தானாக வீசுவதும் உடல் முறுக்குவதும் ஆள் மாறிப்போய்ப் பேசுவதும் ‘மனப்பிரமை’யாம்! காசநோயில் கெட்டியான கசிவு மூளையின் அடிப்பகுதியில்தான் அப்பிக்கொள்கிறது. அதனூடே செல்லும் மெல்லிய தமனிகள் வீங்கி அடைபடுகின்றன. அவை ரத்தம் கொடுப்பதோ அசைவுகளைக் கட்டுப்படுத்தும் ஆழ்பகுதிகளுக்கு. அங்கே திசு செத்தால், ஒரு பக்கக் கை மட்டும் கட்டுப்பாடின்றி வீசும். அதே கசிவு ஆறாவது மண்டை நரம்பை நெரித்தால் ஒன்று இரண்டாகத் தெரியும். பார்வை நரம்பைச் சூழ்ந்தால் கண்ணே போகும். ரத்தத்தில் சோடியம் இறங்கியும் நோயாளி குழம்பிப் பேசுவார். இதில் எது பிரமை?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேனில் கட்டி தெரிந்த உடனே டி.பி. என்று முத்திரை குத்துவது தவறு. நாடாப்புழுக் கட்டியும் அப்படித்தான் தெரியும். ஆனால் இதிலிருந்து அவர் தாவுகிற இடம் பயங்கரமானது: ‘கிருமியைக் கண்ணால் காணாமல் மாத்திரை கொடுக்காதே.’ தண்டுவட நீரில் கிருமி மிகக் குறைவு. நுண்ணோக்கி பெரும்பாலும் ஏமாற்றும். மரபணுச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் நோய் இருக்கலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கப் பல வாரம் ஆகும். நினைவு தப்புவதற்கு முன் மருந்து தொடங்கியவர்தான் பெரும்பாலும் பிழைக்கிறார். இவர் கேட்கும் சாட்சி வந்து சேரும்போது நோயாளி இருக்கமாட்டார்.

மருந்தைத் தொடங்கிவிட்டு, வேறு நோய் என்று உறுதியானால் நிறுத்தலாம். செத்த மூளைத் திசுவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வாசகர்களுக்கு: நாள்கணக்கில் விடாத காய்ச்சல், தலைவலியோடு இரட்டைப் பார்வையோ, அடங்காத அசைவோ, நடத்தை மாற்றமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கட்டுரையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.