வீடு வசிப்பதற்கா, சூதாடுவதற்கா?

"இப்போது வாங்காவிட்டால் இனி எந்தக் காலத்திலும் வாங்க முடியாது." ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் சற்று அமர்ந்தால் போதும், இந்த வாக்கியம் நான்கு வாய்களிலிருந்தாவது நம் காதில் விழும். "அவசரம் வேண்டாம், அடுத்த ஆண்டு விலை சரியும்" என்று மறுத்துரைப்போரும் அதே திண்ணையில் உண்டு. சென்ற மாதம், முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தார். "ஹஜ்ரத், வீடு வாங்கிவிடலாமா, பொறுத்துப் பார்க்கலாமா? விலை ஏறுமா, இறங்குமா?" என்று கேட்டார். "தம்பி, நீங்கள் கேட்பது மறைவானவை பற்றிய ஞானம். அது எனக்கும் இல்லை, தரகருக்கும் இல்லை" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜோதிடனிடம் போவது ஹராம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் மனை விலையைப் பற்றி ஆரூடம் கூறுபவனின் சொல்லை நம்பி வாழ்நாள் சம்பாத்தியத்தை எடுத்து நீட்டுகிறோம். இந்த முரண்பாட்டைச் சுட்டிக் காட்டவே இக்கட்டுரை.

விலை என்றும் இறங்காது என்று நம்பித்தான் அமெரிக்க வங்கிகள், திருப்பிக் கட்ட வழியற்றவர்களுக்கும் வீட்டுக் கடனை வாரி வழங்கின. 2006-ல் உச்சியைத் தொட்ட விலைகள் பின்னர் சரிந்தன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனமே திவாலாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் அந்த அலை துபாயையும் தாக்கியது. இன்னும் எழும்பாத கட்டடங்களின் வீடுகளைக் கைமாற்றிக் கைமாற்றி லாபம் கண்டவர்கள் கடைசியில் வாங்க ஆளின்றி நின்றதை நம் சபுராளிகள் கண்ணெதிரே கண்டார்கள். கைக்கு வராத பொருளை விற்றல் கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் ஏன் இத்தனை கண்டிப்பாகக் கூறுகின்றன என்பது அன்று விளங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் காத்திருப்பவரே அறிவாளியா? அதுவுமன்று. விலை சரியட்டும் என்று காத்திருந்து, ஊருக்கு நடுவே வாங்கத் தக்க வீட்டை விட்டுவிட்டு, பிறகு ஊருக்கு வெளியே அதே விலைக்கு மனை தேடி அலைந்தவர்களையும் அறிவேன். இருசாராரும் செய்தது ஒன்றே: தம் தேவையைப் பாராமல் சந்தையைப் பார்த்தார்கள்.

பிறரைக் கூறுவானேன்? என் கதையையே கூறுகிறேன். 2015-ல் என் சேமிப்பில் பெரும்பகுதியை ஒரு மனைக்கு முன்பணமாகக் கொடுத்தேன். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, இரண்டே ஆண்டில் இரட்டிப்பாகும்" என்றார் விற்றவர். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. இரண்டு மாதங்களில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிப்பு வந்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாகி, கட்டணங்களும் செலுத்தி, மனை என் பெயருக்கு வருவதற்குள் பட்ட அலைச்சலைச் சொல்லி மாளாது. குற்றம் விற்றவர் மீது மட்டுமன்று. நான் இஸ்திகாரா தொழுதேன். லேஅவுட் அங்கீகாரத்தைப் பார்க்கவில்லை.

இஸ்திகாரா, விசாரிப்பதற்கு மாற்றாக வந்த வணக்கமன்று. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. அதை இராகத்தோடு ஓதுகின்ற நாம், தாய்ப்பத்திரத்தைப் படிப்பதில்லை. வில்லங்கச் சான்று எடுப்பதில்லை. பட்டா யார் பெயரில் உள்ளது, நிலம் வக்ஃபுக்கு உரியதா என்று விசாரிப்பதில்லை. "நம்ம ஆள்தானே" என்று நம்பிவிட்டுப் பின்னர் ஜமாஅத்தில் வழக்குக் கொண்டு வருகிறோம்.

அடுத்து, "வாடகை வீண், அந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டினால் வீடு நமதாகும்" என்னும் வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். 40 இலட்சம் ரூபாய் வீடு ஒன்று. கையில் 20 இலட்சம், வங்கிக் கடன் 20 இலட்சம், வட்டி 9 சதவீதம், தவணை 20 ஆண்டு. மாதந்தோறும் கட்ட வேண்டியது ஏறத்தாழ 18,000 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். இருபதாண்டு முடிவில் 20 இலட்சத்துக்குச் செலுத்தியது 43 இலட்சத்துக்கு மேல். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனி. அதே வீடு 10,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குமானால், தங்கியதற்குக் கொடுத்த பத்தாயிரம் வீண், எதற்கும் உதவாத வட்டி பதினையாயிரம் மட்டும் வீணில்லையா? வாடகை, அனுபவித்த பயனுக்கு ஈடு. அதை மார்க்கம் ஹலாலாக்கியது, வட்டியை ஹராமாக்கியது.

"ஐரோப்பாவில் உலமாக்களே அனுமதித்துவிட்டார்களே" என்று ஒரு ஆதாரத்தைச் சிலர் காட்டுவர். ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய சபை 1999-ல் அவ்வாறு கூறியது உண்மையே. ஆனால் எந்த நிபந்தனைகளோடு? வட்டியற்ற வழி கிடைக்காதவர், வேறு வீடில்லாதவர், வாங்குவதற்கு உபரிச் சொத்தில்லாதவர், தாம் குடியிருக்க ஒரே ஒரு வீடு வாங்கும்போது என்றே அவர்கள் வரையறுத்தார்கள். அதையும் உலமாக்கள் பலர் ஏற்கவில்லை. இரண்டாவது வீட்டை இலாபத்துக்கு வாங்குபவர் இதை ஆதாரமாக எடுத்துக் காட்டுவது, நோயாளிக்குரிய சலுகையைச் சொல்லி ஆரோக்கியமானவர் நோன்பை விடுவது போன்றதாகும்.

எதிர்த்தரப்பில் நியாயமான வாதம் ஒன்றுண்டு. அதை மறைக்க மாட்டேன். நகரங்களில் நம் பெயரைக் கேட்டதும் "வீடு காலி இல்லை" என்று கதவைச் சாத்துவோர் உளர். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை ஆண்டுதோறும் மாற்றி அலைகின்ற தாய்மார்கள் உளர். இவர்களுக்கு வீடு அவசியம். நான் எதிர்ப்பது வீட்டையன்று. விலை ஏறும் என்ற ஆசைக்கும், ஊராரின் வாய்க்கும் வாங்கும் வீட்டையே எதிர்க்கிறேன்.

ஊராரின் வாய் என்றேனே, அதற்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தொன்றுதொட்டு உள்ளது. பெண்ணுக்குச் சொந்தக் கூரை இருப்பது நல்லதே. ஆனால் அன்பினால் கொடுத்த கொடை, இன்று நிக்காஹ் பேச வருவோரின் நிபந்தனையாக மாறிவிட்டது. மூன்று பெண்களைப் பெற்ற வாப்பா சந்தையைப் பார்க்க முடியாது, பத்திரத்தைப் பார்க்க முடியாது, விலையையும் பேச முடியாது. நாள் குறித்தாயிற்று, சொன்ன விலைக்கு வாங்கியே தீர வேண்டும். அந்த வீட்டில் குடியேறும் மாப்பிள்ளை, மாமனார் கட்டும் வட்டியின் மீது படுத்துறங்குகிறார் என்பதை எவர் அவருக்குச் சொல்வது? மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவர் வீடு கேட்டுப் பெறுவது எந்த மத்ஹபில் உள்ளது?

வீடு வாங்க எண்ணுவோர் தம்மைத் தாமே கேட்க வேண்டியவை நான்கு. இதில் நாமே குடியிருக்கப் போகிறோமா? நாளையே இதன் விலை பாதியானாலும் மன அமைதியுடன் இதில் வாழ்வோமா? சபுராளியின் வேலை போய் ஓராண்டு வருமானமின்றி இருந்தாலும் குடும்பம் தாங்குமா? ஆவணங்களைத் தரகருக்கு வேண்டியவரல்லாத வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்தாரா? நான்குக்கும் ஆம் என்றால், சந்தை எப்படியிருப்பினும் வாங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், ஊரே வாங்கினாலும் நில்லுங்கள். வசதியுள்ளோர் விலையை முன்கூட்டியே உறுதி செய்து, வட்டியின்றித் தவணையில் விற்க முன்வரட்டும். அது மார்க்கம் அனுமதித்த வியாபாரம். நம் ஜமாஅத்துகள் விருந்துக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கை இதற்கு அளித்தால் எத்தனையோ குடும்பங்கள் கரையேறும்.

அரபியில் வீட்டுக்கு மஸ்கன் என்றொரு பெயர். அசைவற்று அமைதியுறுதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்த சொல் அது. ஸகீனத் என்னும் மன அமைதியும் அதே வேரில் பிறந்ததே. உறக்கத்தைப் பறிக்கும் கட்டடம் எத்தனை மாடி உயர்ந்தாலும் மஸ்கன் ஆகாது.

அந்த மாணவரிடம் இந்நான்கு கேள்விகளையும் கேட்டேன். மூன்றாவதில் நின்றுவிட்டார். "இன்னும் இரண்டாண்டு சேர்த்துக் கொண்டு பார்க்கிறேன் ஹஜ்ரத்" என்று கூறிச் சென்றார். அதற்குள் விலை ஏறிவிட்டால்? ஏறட்டும். அவர் இழப்பது சில இலட்சங்கள். காப்பாற்றிக்கொள்வது தம் தீனையும் தம் உறக்கத்தையும். அல்லாஹ் நம் அனைவருக்கும் அமைதி தரும் இல்லங்களை அருள்வானாக! ஆமீன்.